எசேக்கியேல் வான்கப்பல்: சாலையோர வரலாற்றுப் பலகை ஒன்றை வாக்கியம் வாக்கியமாகப் படிக்க ஒரு முழு வழிகாட்டி

கிழக்கு டெக்ஸாஸில் பிட்ஸ்பர்க் என்று ஒரு சிற்றூர். கேம்ப் கவுன்டியின் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) தலைநகர் அதுதான். அங்கே நிற்கும் ஓர் அலுமினியப் பலகை, ரைட் சகோதரர்களுக்கு ஓராண்டு முன்பே இந்த இடத்தில் ஒரு பறக்கும் இயந்திரம் சற்று நேரம் தரையை விட்டு எழும்பியது என்கிறது. அதைக் கட்டியவர் பர்ரல் கேனன், பாப்டிஸ்ட் சபைப் போதகர். வேதாகமத்தில் எசேக்கியேல் தீர்க்கதரிசி கண்ட தரிசனத்தை வரைபடமாக வைத்துக்கொண்டு இயந்திரம் செய்ய முனைந்தவர்.

இந்தப் பலகையைப் படிப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒரு வகையினர் படம் எடுத்து, "முதல் விமானம் இதுதான், வரலாறு மறைத்துவிட்டது" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். இன்னொரு வகையினர் தலையை ஆட்டிவிட்டுக் காரில் ஏறிவிடுவார்கள். கேனன் யார், என்ன செய்தார் என்பது இரு தரப்புக்கும் தெரியாமலே போய்விடுகிறது. பலகையை மொத்தமாக நம்புவதும் மொத்தமாகத் தள்ளுவதும் அவருக்குச் செய்யும் அநியாயம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அதில் இருப்பது ஐந்தே வாக்கியங்கள். ஐந்துக்கும் ஒரே அளவு சான்று கிடையாது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடைபோட்டுப் பார்த்தால்தான் மனிதர் தெரிவார்.

அதை எப்படிச் செய்வது என்பதற்குத்தான் இந்த வழிகாட்டி. டாலஸிலோ ஹூஸ்டனிலோ இருப்பவர்கள் நேரில் போகலாம். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பவர்கள் இணையத்தின் வழியாகவே முக்கால் பங்கு வேலையை முடித்துவிடலாம்.

படி 1: புறப்படும் முன்

டெக்ஸாஸ் ஹிஸ்டாரிக்கல் கமிஷன் என்ற மாநில அமைப்புதான் இந்தப் பலகைகளை நிறுவுகிறது. அதன் இணையதளத்தில் 'அட்லஸ்' என்ற தேடல் பக்கம் உண்டு. கவுன்டி பெயரைக் கொடுத்தால் அங்குள்ள பலகைகள் எல்லாம், இருக்குமிடத்தோடும் வாசகத்தோடும் வரும். தன்னார்வலர்கள் நடத்தும் 'ஹிஸ்டாரிக்கல் மார்க்கர் டேட்டாபேஸ்' என்ற தளத்தையும் பாருங்கள். அங்கே படங்களும் சுற்றுப்புற விவரங்களும் கூடுதலாகக் கிடைக்கும். சாலைப் பணிக்காகப் பலகைகள் இடம் மாறுவது உண்டு என்பதால் இரண்டையும் ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். டெக்ஸாஸ் பிட்ஸ்பர்க்கின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் கடைசி 'எச்' கிடையாது. 'எச்' சேர்த்தால் பென்சில்வேனியாவின் எஃகு நகரத்துக்குப் போய்ச் சேர்வீர்கள்.

டாலஸிலிருந்து சுமார் 200 கி.மீ. 30ஆம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே மவுன்ட் பிளசன்ட் வரை போய், அங்கிருந்து 271ஆம் எண் சாலையில் தெற்கே திரும்பினால் ஊர் வந்துவிடும். ஊரின் பழைய ரயில் நிலையத்தையொட்டிய அருங்காட்சியகத்தையும் பார்க்க வேண்டியிருப்பதால் (ஏன் என்று பின்னால் சொல்கிறேன்), அது திறந்திருக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

படி 2: பலகையின் முன்னால்

எழுத்துகள் புடைப்பாக வார்க்கப்பட்டவை. உச்சிவெயிலில் படமெடுத்தால் பளபளப்பில் பாதி தெரியாது. காலையிலோ மாலையிலோ பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுங்கள். நெருங்கி ஒன்று, தூணோடு ஒன்று, எதிர்ப்புறத்துக் கட்டடங்களும் சாலையும் தெரிய ஒன்று என மூன்றாவது எடுக்க வேண்டும். 'இந்த இடத்தில்' என்று பலகை சொல்வதால், அந்த இடம் இன்று எப்படி இருக்கிறது என்பதும் பதிவாக வேண்டும்.

பிறகு வாசகத்தைக் கையால் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். படம் இருக்கும்போது எதற்கு என்று கேட்கலாம். கையால் எழுதும்போதுதான் 'சற்று நேரம்', 'ஏறத்தாழ', 'என்று நம்பப்படுகிறது' போன்ற சின்னச் சொற்கள் கண்ணில் படும். பலகை எழுதியவர்கள் தங்கள் தயக்கத்தை அந்தச் சொற்களில்தான் வைத்திருப்பார்கள்.

படி 3: கடைசி வரியில் உள்ள ஆண்டு

டெக்ஸாஸ் பலகைகளில் வாசகம் முடிந்ததும் அடைப்புக்குறிக்குள் ஓர் ஆண்டு இருக்கும். அது நிகழ்ச்சி நடந்த ஆண்டு அல்ல, பலகை வைத்த ஆண்டு. இதில் 1976 என்று இருக்கிறது.

பலகை சொல்லும் நிகழ்ச்சி 1902ஆம் ஆண்டுக்குரியது. இடையில் 74 ஆண்டுகள். அன்று பத்து வயதுச் சிறுவனாக வேடிக்கை பார்த்தவர் 1976இல் உயிரோடு இருந்திருந்தால் அவருக்கு 84 வயது. அன்றைக்கு விவரம் தெரிந்த வயதில் இருந்தவர்களில் அநேகமாக யாரும் எஞ்சியிருக்க முடியாது. ஆகவே பலகையின் வாசகம், பழைய நேர்காணல்களையும் வீடுகளில் சொல்லி வந்த கதைகளையும் தாள்களையும் ஒன்றாகச் சேர்த்து எழுதப்பட்டது. 1976 அமெரிக்க விடுதலையின் இருநூறாவது ஆண்டும்கூட. நாடு முழுக்க ஊர்கள் தங்கள் பழைய பெருமைகளைத் தேடி எடுத்துக் கொண்டாடிய காலம். அதனால் பலகை பொய் என்று ஆகிவிடாது. எந்த மனநிலையில் எழுதப்பட்டது என்பது மட்டும் தெளிவாகும்.

படி 4: ஐந்து வாக்கியங்களும் ஐந்து எடைகளும்

இதுதான் வேலையின் நடுப்பகுதி. நோட்டில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பக்கத்தின் மேலே வாக்கியம், கீழே ஒரே கேள்வி: இது உண்மையாக இருந்தால் வேறு எங்கே தடயம் விட்டிருக்கும்?

முதல் வாக்கியத்தின் சாரம் இது: போதகரும் கண்டுபிடிப்பாளருமான பர்ரல் கேனன் (1848–1922) ஊரில் சிலரை முதலீடு செய்ய வைத்து, எசேக்கியேல் வான்கப்பல் நிறுவனத்தைத் தொடங்கி, வேதாகமத்தில் வர்ணிக்கப்பட்ட ஊர்தியைக் கட்டினார். இதற்குத் தடயம் நிறைய இருக்கும். நிறுவனம் என்றால் பதிவு உண்டு, பங்கு உண்டு, பத்திரம் உண்டு. 1901இல் நிறுவனம் பதிவாகி, பங்கு ஒன்று 25 டாலர் வீதம் விற்று, சுமார் 20,000 டாலர் திரட்டப்பட்டது. பருத்தியையும் மரத்தையும் நம்பி வாழ்ந்த ஒரு சிற்றூரில் அந்தக் காலத்தில் அது பெரும் பணம். இந்த வாக்கியத்தைத் தயங்காமல் ஏற்கலாம். அதோடு, இதுவே எனக்குப் பெரிய அதிசயமாகவும் படுகிறது. எந்திரம் பறந்ததோ இல்லையோ, ஒரு போதகர் தீர்க்கதரிசன நூலின் ஓர் அதிகாரத்தைக் காட்டி, கடைக்காரர்களையும் வியாபாரிகளையும் பணம் போட வைத்திருக்கிறார்.

அவர் பார்த்த பகுதியை நீங்களும் பார்த்துவிடுங்கள். எசேக்கியேல் முதல் அதிகாரம், பிறகு பத்தாம் அதிகாரம். நான்கு ஜீவன்கள், செட்டைகள், அவற்றின் அருகே சக்கரங்கள். 'சக்கரத்துக்குள் சக்கரம் இருக்குமாப்போல்' என்ற வரியும், ஜீவன்கள் எழும்பும்போது சக்கரங்களும் கூடவே எழும்புகின்றன என்ற செய்தியும்தான் கேனனுக்குப் பொறியியல் குறிப்புகள். மற்றவர்கள் இறைமாட்சியின் சித்திரமாகப் படித்ததை அவர் இயங்குமுறையாகப் படித்தார். பிரசங்க மேடையோடு மரமறுக்கும் ஆலை வேலையும் தெரிந்தவர் அவர். சக்கரம், தண்டு, பட்டை எல்லாம் கையில் பழகிய ஒருவர் அந்த வரியை அப்படிப் படித்ததில் எனக்கு வியப்பில்லை.

இரண்டாவது வாக்கியம் அமைப்பைப் பற்றியது: துணி போர்த்திய பெரிய இறக்கைகள், நான்கு தொகுதித் துடுப்புகளைச் சுழற்றும் எந்திரம். இதற்கும் சான்று உண்டு. ஊர்தியின் பழைய புகைப்படம் ஒன்று எஞ்சியிருக்கிறது. இந்த அமைப்பை நன்றாக யோசித்துப் பாருங்கள். உந்துவிசைக்கு விசிறி இல்லை, சக்கரங்களுக்குள் பொருத்திய துடுப்புகள். துடுப்புப் படகில் துடுப்பு திரும்பி வரும்போது நீருக்கு வெளியே வந்துவிடும், அதனால் எதிர்விசை இல்லை. காற்றில் அந்த வசதி கிடையாது. சுற்றின் ஒரு பாதியில் கிடைத்த உந்துதலை மறு பாதி தின்றுவிடாமல் இருக்க வேண்டுமானால், துடுப்பின் கோணம் சுற்றுக்குள்ளேயே மாறிக்கொண்டிருக்க வேண்டும். அதைச் செய்யத்தான் சக்கரத்துக்குள் சக்கரம். கருத்தாக அது மட்டமானதல்ல. அன்றைய எந்திரங்களின் எடைக்கும் வலிமைக்கும் அது மிகக் கடினமான வழி, அவ்வளவுதான்.

மூன்றாவது வாக்கியத்தில்தான் சிக்கல் முழுவதும் இருக்கிறது. அருகிலிருந்த பட்டறையில் கட்டப்பட்டது, 1902 இறுதியில் இந்த இடத்தில் சற்று நேரம் காற்றில் எழும்பியது, அது ரைட் சகோதரர்களுக்கு ஓராண்டு முன்பு. ஒரே வாக்கியத்துக்குள் மூன்று கூற்றுகள் இருக்கின்றன. கத்தரித்துத் தனித்தனியாக வையுங்கள்.

பட்டறையில் கட்டியது உறுதி. ஊரிலிருந்த தோர்செல் வார்ப்படச் சாலைதான் அது.

எழும்பியது? ஊரில் வழங்கும் கதை இப்படிப் போகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேனன் பிரசங்கத்துக்குப் போயிருந்த நேரம். பட்டறை ஆட்கள் ஊர்தியை மேய்ச்சல் நிலத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கஸ் ஸ்டாம்ப்ஸ் என்பவர் ஏறி ஓட்டினார். பத்துப் பன்னிரண்டு அடி உயரத்தில் 160 அடி போல நகர்ந்தது. ஊர்தி பலமாக அதிர ஆரம்பித்ததால் எந்திரத்தை நிறுத்தி இறக்கிவிட்டார். கண்டுபிடித்தவரே அருகில் இல்லை. படம் இல்லை. அன்றே எழுதிவைத்த அளவுக் குறிப்பு இல்லை. இருப்பதெல்லாம் பிற்கால நினைவுகள்.

இப்போது ரைட் சகோதரர்களின் பக்கத்தை எடுத்து அருகே வையுங்கள். 1903 டிசம்பர் 17, வட கரோலினா, கில் டெவில் ஹில்ஸ். அன்று நான்கு முறை பறந்தார்கள். முதலாவது 12 விநாடி, 120 அடி. நான்காவது 59 விநாடி, 852 அடி. உள்ளூர் ஆட்கள் ஐந்து பேர் நேரில் பார்த்தார்கள். அவர்களில் ஜான் டேனியல்ஸ் என்பவர் கேமராவை இயக்கி எடுத்த படம் இன்றும் இருக்கிறது. அன்றே வீட்டுக்குத் தந்தி போயிற்று. அதைவிட முக்கியம், அதன் பிறகு அவர்கள் நிறுத்தவில்லை. 1904, 1905இல் ஓஹாயோவில் வட்டமடித்துப் பறந்தார்கள். 160 அடி என்பது 120ஐ விடப் பெரியது என்று துள்ளிக் குதிப்பவர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும்: எழும்புவது வேறு, கட்டுப்பாட்டோடு பறந்து, திரும்பத் திரும்பப் பறந்து காட்டுவது வேறு. (தந்தி போன வீட்டில் அதைப் பெற்ற தகப்பனார் மில்டன் ரைட் ஒரு பேராயர். இந்தக் கதையின் இரு பக்கங்களிலும் ஊழியக்காரர் வீட்டு வாசனை அடிக்கிறது.)

ஆகவே என் நோட்டில் இந்தப் பக்கத்தில் இப்படி எழுதுவேன்: 'ஊர்தி தரையை விட்டுச் சற்று எழும்பியிருக்கக்கூடும். ஊர் அதை நம்பி வந்திருக்கிறது. அது நிரூபிக்கப்படவில்லை.' பலகை தேர்ந்தெடுத்த 'சற்று நேரம்' என்ற சொல் நேர்மையானது. 'முதன்முதலில் பறந்தது' என்று பலகை சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். அதைச் சொல்வது பலகையைப் படம்பிடித்துப் பரப்புகிறவர்கள்தான்.

நான்காவது வாக்கியம்: 1904இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சிக்குக் கொண்டுபோகும் வழியில் புயலில் அழிந்தது. கண்காட்சி நடந்ததற்கும், அங்கே விமானப் போட்டிக்கு 1,00,000 டாலர் பெரும்பரிசு அறிவித்ததற்கும் ஆதாரம் ஏராளம். அந்தப் பரிசை யாரும் வெல்லவில்லை. கேனனின் ஊர்தி ரயிலின் திறந்த பெட்டியில் போகும்போது டெக்ஸார்கானா அருகே காற்றில் தூக்கி எறியப்பட்டதாகச் சொல்வார்கள். பரிசுத் தொகையை அறிந்தபின் இந்த வாக்கியத்தைத் திரும்பப் படித்தால் இழப்பின் அளவு புரியும். முதலீட்டாளர்களின் பணம் மட்டுமல்ல, நடுவர்கள் முன்னால் பறந்து காட்டி இந்த வழக்கைத் தீர்த்துவிடக் கிடைத்த ஒரே வாய்ப்பும் அந்தக் காற்றோடு போயிற்று.

ஐந்தாவது: 1913இல் இரண்டாவது ஊர்தி விபத்துக்குள்ளானது, போதகர் முயற்சியைக் கைவிட்டார். விட்டது வான்கப்பலைத்தான், கண்டுபிடிப்பை அல்ல. கடைசிக் காலத்திலும் பருத்தி பறிக்கும் இயந்திரத்துக்கும், தெற்கு மாநிலங்களின் பருத்தியை அரித்துக்கொண்டிருந்த கூன்வண்டை ஒழிக்கும் கருவிக்கும் அவர் முயன்றுகொண்டிருந்தார். பலகையில் இடம் இல்லாததால் விடுபட்டுப்போன அந்த வரிதான் அவரைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்தது. தன்னைச் சுற்றியிருந்த உழவர்களின் தொல்லையைத்தான் அவர் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

படி 5: பலகையின் பின்னால் உள்ள கோப்பு

பலர் அறியாத வசதி இது. டெக்ஸாஸில் ஒவ்வொரு பலகைக்கும் ஒரு விண்ணப்பக் கோப்பு உண்டு. விண்ணப்பித்தவர் எழுதிய வரலாறு, அவர் காட்டிய ஆதாரங்கள், கமிஷனோடு நடந்த கடிதப் போக்குவரத்து எல்லாம் அதில் இருக்கும். வடக்கு டெக்ஸாஸ் பல்கலைக்கழகம் நடத்தும் 'போர்ட்டல் டு டெக்ஸாஸ் ஹிஸ்டரி' தளத்தில் இந்தக் கோப்புகள் பெருமளவு ஏற்றப்பட்டுள்ளன. இலவசமாகப் படிக்கலாம். பலகையின் தலைப்பையும் கவுன்டியையும் கொடுத்துத் தேடுங்கள்.

கோப்பில் முதலில் ஆதாரப் பட்டியலைப் பாருங்கள். நேர்காணலா, அன்றைய செய்தித்தாளா, பிற்காலப் பத்திரிகைக் கட்டுரையா என்று பக்கத்திலேயே குறியுங்கள். ஒரே கட்டுரையை நான்கு பேர் எடுத்தாண்டிருந்தால் அது நான்கு சான்றல்ல, ஒன்றுதான்.

படி 6: அன்றைய செய்தித்தாள்கள்

அதே போர்ட்டலிலும், அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் 'கிரானிக்ளிங் அமெரிக்கா' தளத்திலும் 1900ஐ ஒட்டிய இதழ்கள் ஏராளம். தேடும்போது எழுத்துக்கூட்டலை மாற்றிக்கொண்டே இருங்கள். கேனனின் முதற்பெயரை அன்று பல விதமாக அச்சிட்டிருப்பார்கள். வான்கப்பல் என்பதற்கான ஆங்கிலச் சொல்லை ஒன்றாகவும் இரண்டாகப் பிரித்தும் தேடுங்கள். பழைய அச்சை இயந்திரம் படிக்கும்போது எழுத்துகள் சிதையும் என்பதால், ஊர்ப் பெயரோடு 'எசேக்கியேல்' என்ற ஒரு சொல்லை மட்டும் சேர்த்துத் தேடினால் சில சமயம் நல்ல பலன் கிடைக்கும்.

1901, 1902இல் வந்த செய்திகளில் 'பறக்கப் போகிறது' என்பதையும் 'பறந்தது' என்பதையும் பிரித்தெடுங்கள். நிறுவனம் பங்கு விற்றுக்கொண்டிருந்த காலம். நம்பிக்கையூட்டும் செய்திகள் தாராளமாக வரும். டெக்ஸாஸ் ஸ்டேட் ஹிஸ்டாரிக்கல் அசோசியேஷன் வெளியிடும் 'ஹேண்ட்புக் ஆஃப் டெக்ஸாஸ்' என்ற இணையக் கலைக்களஞ்சியத்தில் இந்த வான்கப்பலுக்குத் தனிக் கட்டுரை உண்டு. அதை முதலில் அல்ல, இந்த இடத்தில் படியுங்கள். உங்கள் கண்ணால் பார்த்தபின் படித்தால் அதன் சொற்களுக்கு இன்னும் எடை கூடும்.

படி 7: அருங்காட்சியகம்

மூல ஊர்தி எதுவும் மிஞ்சவில்லை. 1980களில் ஊர்த் தன்னார்வலர்கள் பழைய படத்தை வைத்து முழு அளவில் ஒரு மாதிரி கட்டினார்கள். அது இன்று பிட்ஸ்பர்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மாதிரியின் சக்கரங்களுக்குப் பக்கத்தில் நின்று, துடுப்புகள் எப்படிப் பொருந்தியிருக்கின்றன என்று பாருங்கள். படத்தில் ஒரு கோணம் மட்டுமே தெரியும் என்பதால், மறைந்த பகுதிகளைக் கட்டியவர்கள் ஊகித்துத்தான் செய்திருக்க முடியும். எது படத்திலிருந்து வந்தது, எது ஊகம் என்று அங்குள்ளவர்களிடம் பணிவாகக் கேளுங்கள். சிறிய ஊர்களின் அருங்காட்சியகங்களில் கேட்டால் மனம் திறந்து பேசுவார்கள்.

படி 8: அதே முறையை வேறொரு போதகரிடம்

கை பழக, சான்று குறையாத ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். லொரென்சோ லாங்ஸ்ட்ராத் 1810இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்த காங்கிரிகேஷனல் சபைப் போதகர். அவர் பிறந்த இடத்தில் பென்சில்வேனியா மாநிலத்தின் நீலப் பலகை நிற்கிறது. தேனீக்கள் தங்கள் கூட்டில் சுமார் 3/8 அங்குல இடைவெளியை மட்டும் அடைக்காமல் விட்டுவைக்கும் என்பதை அவர் பயன்படுத்திக்கொண்டார். அந்த இடைவெளி விட்டுச் சட்டங்களைத் தொங்கவிட்டால், தேனடையைச் சிதைக்காமல் வெளியே எடுக்கலாம், திரும்ப வைக்கலாம். 1852 அக்டோபர் 5இல் அவருக்குக் கிடைத்த காப்புரிமையின் எண் 9300. கூகுள் பேட்டன்ட்ஸில் வரைபடத்தோடு பார்க்கலாம். காப்புரிமையை மீறிப் பலர் பெட்டி செய்ததால் அவருக்குப் பணம் சேரவில்லை. ஆனால் பெட்டி உலகெங்கும் போயிற்று.

நம் பக்கத்திலும் ஒரு தொடர்ச்சி உண்டு. மேலைத் தேனீயைவிட நம் அடுக்குத் தேனீ உடலில் சிறியது. அதற்கேற்றபடி சிறிய பெட்டியை வடிவமைத்து, 1911 முதல் 1917 வரை தென்னிந்தியக் கிராமத்து மக்களுக்குத் தேனீ வளர்ப்பைக் கற்றுத் தந்தவர் நியூட்டன் என்ற பாதிரியார். மார்த்தாண்டம் பக்கம் இன்றும் 'நியூட்டன் பெட்டி' என்றால் தெரியும். கேனனின் மூன்றாவது வாக்கியத்துக்கு எது இல்லையோ அது இந்த இருவருக்கும் இருக்கிறது. அவர்கள் செய்த பொருளை இன்று யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம், அது வேலை செய்கிறது.

படி 9: பிழை கண்டால், அல்லது புதிய பலகை வேண்டுமென்றால்

பலகையில் உண்மைப் பிழை இருப்பதாக உறுதியானால், ஆதாரங்களின் நகலோடு கமிஷனுக்கு எழுதலாம். 'நான் நம்பவில்லை' என்பது பிழைக்குச் சான்று ஆகாது. தேதியோ பெயரோ இடமோ தவறு என்று காட்டும் ஆவணம் வேண்டும்.

உங்கள் ஊரில் மறக்கப்பட்ட ஒருவருக்குப் பலகை வேண்டுமென்றால், விண்ணப்பம் முதலில் கவுன்டி வரலாற்றுக் குழுவுக்குப் போகும். அவர்கள் பரிசீலித்துக் கமிஷனுக்கு அனுப்புவார்கள். பொதுவாகப் பொருள் 50 ஆண்டுப் பழைமை உடையதாக இருக்க வேண்டும். தனிமனிதர் என்றால் இறந்து 10 ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும். அடிக்குறிப்புகளோடு வரலாற்றை நீங்கள் எழுதித் தர வேண்டும், பலகையின் இறுதி வாசகத்தைக் கமிஷன்தான் முடிவு செய்யும். செலவு பெரும்பாலும் விண்ணப்பதாரர் பக்கம்தான். விண்ணப்பக் காலமும் கட்டணமும் மாறக்கூடியவை என்பதால், எழுத உட்காரும் முன் கவுன்டி குழுவிடம் அந்த ஆண்டுக்குரிய விவரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.